சிறுமலைக்குச் சொல்லி அனுப்பினது

லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு லாரி என்றால் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குப் பயம்தான். நிற்கிற லாரியோடு எனக்குச் சண்டை இல்லை. ஓடுகிற லாரிதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கண்ட வேலையும் பார்த்து, கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பார்சல் ஆபீஸில் ஒண்டிக்கொண்டேன். பெட்டியில் எழுதியிருக்கிற ஊரும் ரசீதில் இருக்கிற ஊரும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறாது. திரும்பப் பார்ப்பேன். லாரி கிளம்பிய பிறகும் சரியாகத்தான் பார்த்தோமா என்று யோசிப்பேன். "பயந்தவன் ஒருத்தன் இருந்தா சரக்கு தொலையாது" என்பார் முதலாளி. சரக்குக்குச் சரி. மனுசங்களோடு பழகுவதற்கு அந்தக் குணம் ஒத்துவரவில்லை.

நாகல் நகர் பக்கம் மாடியில் ஒரு ரூம். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அதைப் பற்றிப் பேசுகிறவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். வத்தலக்குண்டில் இருக்கிற தங்கச்சி சாயங்காலம் போன் பண்ணுவாள். "சாப்டியாண்ணே?" "சாப்டேன்." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." அதோடு வைத்துவிடுவோம். அவள் மேல் குறை சொல்லவில்லை. வேற என்று சொல்ல என்னிடமும் ஒன்றும் இருந்ததில்லை.

சைக்கிள் வந்தது இந்த லாரிப் பயத்தால்தான். பைபாஸில் சைக்கிள் மிதிக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் கண்மாய்க்கரை, வாய்க்கால் மேடு, தென்னந்தோப்புக்குப் போகிற வண்டிப்பாதை இதிலெல்லாம் லாரி வராது. அந்தப் பாதைகளில் சாதா சைக்கிளை மிதித்தால் குண்டும் குழியும் இடுப்பை முறிக்கும். ரேஸ் சைக்கிள் டயரோ கத்தி மாதிரி மண்ணில் இறங்கிவிடும். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர், கல்லு மண்ணு எதையும் பொருட்படுத்தாமல் போகிற சைக்கிள். கிராவல் பைக் என்கிறார்கள். கடையில் விலை கேட்டுவிட்டு, வேறு ஏதோ கேட்க வந்தவன் மாதிரி திரும்பி வந்தேன். அப்புறம் இன்னொரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் பழைய மவுண்டன் பைக்கைப் பிரித்து அதே மாதிரி ஒன்றைச் செய்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பழைய கியர் சைக்கிளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பையன் மோட்டார் பைக் வாங்கினதும் கியர் சைக்கிள் மொட்டை மாடிக்குப் போகும். அங்கே மழையில் நனைந்து, வத்தல் காயப்போட இடைஞ்சலாகி, ஒரு பொங்கலுக்கு முன்னால் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும். அங்கே குவியலில் கிடந்ததில் முன்பக்கம் ஸ்பிரிங் இல்லாத இரும்பு பிரேம் ஒன்றைப் பொறுக்கினேன். ஸ்பிரிங் இருந்தால் கனம். துருப்பிடித்துவிட்டால் ஸ்பிரிங்கும் இல்லை, முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கும் இல்லை. நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரை மாட்டினேன். அதிலிருந்த பிரேக் பிடிகளும் கூடவே வந்தன. முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய டியூபைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றினேன். ரொம்ப நாள் உள்ளங்கை கருப்பாகவே இருந்தது.

டீக்கடையில் நிறுத்தியபோது ஒருத்தர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, என்னடா இது, கிடாக்கொம்பு மாட்டிருக்க?"

"பாத்துப்பு, கடைக்குள்ள விட்டுறாத, முட்டிப்புடும்" என்றார் டீ ஆற்றுகிறவர்.

நானும் சிரித்து வைத்தேன். டீ குடிக்கும் நேரத்துக்குள் போல்ட்டுகளை ரெண்டு தடவை கையால் திருகிப் பார்த்தேன். அதையும் பார்த்துச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாடிக்கொம்பு வரைக்கும் குடகனாற்றுக் கரையிலேயே போவேன். தண்ணீர் ஓடுகிற மாதங்கள் குறைவு. மணல், கருவேலம், நடுவில் எப்போதாவது மாடு. வெளியே போனால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. பாம்பு, முள், சூரியன், ரூமில் கேஸை மூடினோமா இல்லையா. ஆனால் கால் மிதித்துக்கொண்டே இருந்ததால் பயம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. அம்புட்டுத்தான் வித்தியாசம். போகிற வழியில் வாயைத் திறக்க ஆள் கிடையாது. சைக்கிளிடம் பேச ஆரம்பித்திருந்தேன். "மெதுவாப் போ", "அங்க பள்ளம்" என்று. எனக்கே அது நல்லதாகப் படவில்லை.

அந்தக் கரையில்தான் அவனைப் பார்த்தேன். தாடிக்கொம்புப் பையன், மெடிக்கல் ஷாப்பில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். வேப்ப மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பைக்கை நிறுத்தி இறங்கினான்.

"அண்ணே, இது எந்தக் கடையில வாங்குனது?"

"இரும்புக் கடையில."

"சும்மா சொல்லாதீங்க."

சும்மா இல்லை என்று காட்ட, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவன் குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் எழுந்து, "எங்க சித்தப்பா வீட்டு மாடில ஒரு கியர் சைக்கிள் கெடக்குதுண்ணே. எனக்கும் ஒண்ணு இப்படிப் பண்ணித் தாங்க" என்றான்.

பண்ணிக் கொடுத்தேன். என் ரூமில் ரெண்டு சாயங்காலம் வந்து உட்கார்ந்து குறடு எடுத்துக் கொடுத்தான். சிவப்பு பிரேம். என்னுடையதைவிடக் கொஞ்சம் பிந்திய காலத்து சைக்கிள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போவது நின்றது. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும். சுகர். போன வருசம் ஒரு தடவை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டான். மற்ற எல்லாவற்றுக்கும் சிரிப்பான். முக்கியமாக என்னைப் பார்த்து.

"ஹெல்மெட் போட்டியா?"

"போட்டேன்."

"வாரைப் பூட்டினியா?"

"அண்ணே, நீங்க பொறந்தப்பவே ஹெல்மெட்டோடதான் வந்திருப்பீங்க. டாக்டரம்மா பயந்துபோயிருப்பாங்க."

மழை வரும் போலிருக்கு என்பேன், வராது. அந்த டயர் சரியில்லை என்பேன், பல மாதம் ஓடும். நாய் இருக்கிற பாதை என்பேன், நாய் வாலாட்டும். வாரா வாரம் ஏதாவது சொல்லுவேன். அவன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடப் பழகிக்கொண்டான். எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைக் கேலி செய்ய ஒருத்தன் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு தடவை மட்டும் அவனாகச் சொன்னான். "பிரேக் பிடிச்சா பஞ்சு மாதிரி இருக்குண்ணே." பிரேக் கட்டையை ரிம்மோடு ஒட்டினாற்போல நகர்த்தி வைத்தேன். சரியாகிவிட்டது. ஆற்றங்கரையில் எங்கே பெரிய இறக்கம் இருக்கிறது? நானும் மறந்துவிட்டேன்.

சிறுமலைக்குப் போகணும் என்று அவனுக்கு ஆசை. நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபீஸில் லோடு வருவதாக இருந்தது. நான் வர முடியாது என்றதும், "அப்ப நான் போயிட்டு வாரேண்ணே" என்று கிளம்பிவிட்டான்.

லோடு வரத் தாமதம். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவில் ஒருத்தர் ரெண்டு பிரேக் பிடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். நேர் ஹேண்டில்பாரின் பிடி கேபிளை நிறைய இழுத்தது. வளைந்த ஹேண்டில்பாரின் பிடி அதில் பாதி போல்தான் இழுத்தது. அடுத்து ரெண்டு வகை பிரேக்கைக் காட்டினார். ஒன்று என் சைக்கிளில் இருக்கிற பழைய வகை. ரெண்டு குட்டைக் கை, மேலே குறுக்கே ஒரு கம்பி. அதற்குக் குறைவாக இழுத்தாலே போதும். இன்னொன்று நீளமான கைகள். அதற்கு நிறைய இழுக்க வேண்டும். குறைவாக இழுக்கிற பிடியோடு அதைச் சேர்த்துவிட்டு, அவர் கையைக் குறுக்கே ஆட்டினார். கூடாது. இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

அவன் சைக்கிளில் இருப்பது நீளக் கை.

கட்டையை ரிம்மோடு ஒட்டி வைத்ததால் தட்டையான பாதையில் பிடித்தது. மலை இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் கட்டை தேயும். தேயத் தேய இடைவெளி கூடும். பிடியை எவ்வளவு அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரில் போய் முட்டி நிற்கும். அதற்கு மேல் பிரேக் கிடையாது. சிறுமலையில் வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வருசக்கணக்காக இல்லாததற்கெல்லாம் பயந்திருக்கிறேன். நிஜமாக ஒன்று வந்தபோது திரும்ப யோசிக்கவில்லை.

போன் போட்டேன். எடுத்தான். மூச்சு வாங்கியது.

"செக்போஸ்ட் தாண்டிட்டேண்ணே. ஏறிக்கிட்டிருக்கேன்."

"தம்பி, நிப்பாட்டு. உன் பிரேக் சரியில்ல."

"ஆரம்பிச்சுட்டீங்களா! போன வாரம் டயருன்னீங்க, அதுக்கு முன்னாடி மழைன்னீங்க, இன்னிக்கு பிரேக்கா?"

"இல்லப்பு, இது நெசமாவே..."

"அப்ப மத்ததெல்லாம் பொய்யா?"

அவன் சிரிக்கிற சத்தம். எனக்கு நாக்கு குழறியது. கேபிள், பாதி, நீளக் கை என்று என்னென்னவோ சொன்னேன். "இறங்கும்போது தள்ளிட்டு வாப்பா" என்றேன்.

"அம்புட்டு வளைவும் தள்ளிக்கிட்டா? அதுக்கு எதுக்குண்ணே ஏறணும்?" என்றான். அதோடு டவர் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நத்தம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் மிதித்துக்கொண்டு போனேன் என்பது, போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அடிவார செக்போஸ்ட்டில் காவலுக்கு இருந்தவர், "கொம்பு சைக்கிள்தானே? அவரு போய் ரொம்ப நேரமாச்சே. நீங்களும் அதே செட்டா?" என்றார். பஸ் எப்போது என்று கேட்டேன். "இப்பத்தான் மேல போச்சு. இனி செத்த நேரம் ஆகும்."

அப்போது ஒரு மொபட் வந்து நின்றது. முன்னாலும் பின்னாலும் மளிகை மூட்டை, ஓட்டுகிறவருக்கே இடமில்லை. மேலே கடை வைத்திருப்பவராம். அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மேல போறீங்களா? சிவப்பு சைக்கிள்ல ஒரு பையன், ஹேண்டில்பாரு வளைஞ்சிருக்கும். அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு. என்னன்னு சொல்லட்டும்?"

பிரேக் சரியில்லை என்று சொல்லச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'எங்கண்ணன் சொல்லிவிட்டாரா?' என்று அந்த மனுசரையும் சேர்த்துச் சிரிக்க வைப்பான். என் வாயிலிருந்து வருகிற எதையும் அவன் நம்பமாட்டான். நம்புகிற மாதிரி ஒன்று வேண்டும்.

"வீட்ல அவசரம்னு சொல்லுங்க. சைக்கிள வச்சிட்டு பஸ்ல வரச் சொல்லுங்க."

"அடடா" என்றார் அவர். முகம் மாறிவிட்டது. மொபட்டை முறுக்கிக்கொண்டு போனார்.

பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்தேன். செக்போஸ்ட்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்ல யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. பிரேக் சரியில்ல. சொன்னா நம்பமாட்டான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏய்யா, வீட்ல அவசரம்னா எவன்யா பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிப்பான்? கையில சைக்கிள் இருக்கு, இறக்கம் வேற. பறந்துல்ல வருவான்!"

எத்தனையோ தடவை யோசித்து எதற்கெல்லாமோ பயந்தவன், இதை யோசிக்கவில்லை.

எழுந்து சைக்கிளில் ஏறினேன். கொஞ்ச தூரம் மிதித்தேன். அதற்கு மேல் மூச்சு இல்லை, தள்ளினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று காது கொடுத்தேன். குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்த்தன. மேலிருந்து ஒரு கார் வந்தது. கையைக் காட்டினேன், நிற்காமல் போனார்கள். அவன் அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்பது வரைக்கும் மனசு போய்விட்டது. அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை.

அப்புறம் சத்தம் கேட்டது. பிரேக் சத்தம் இல்லை. சக்கரம் டிக் டிக்கென்று வேகமாகச் சுற்றுகிற சத்தமும், கூடவே தொப் தொப்பென்று கால் சத்தமும். வளைவு திரும்பி அவன் வந்தான். சைக்கிளில் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான்.

"அம்மாவுக்கு என்னண்ணே?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லப்பா. நல்லா இருக்காங்க."

"மறைக்காதீங்க. என்னாச்சு? விழுந்துட்டாங்களா?"

"ஒண்ணுமில்ல. சத்தியமா. நான்தான் சொல்லி விட்டேன். பிரேக்குக்காக."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது உட்காரவில்லை, கத்தவில்லை. சைக்கிளை ரோட்டோரச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"பிரேக் ஒத்துக்கலன்னு இறக்கத்துல ரெண்டாவது வளைவுலயே தெரிஞ்சிருச்சு" என்றான். "பிடி போய் பார்ல முட்டுது. உடனே இறங்கிட்டேன். நான் என்ன சின்னப் புள்ளையாண்ணே? கையில பிரேக் இல்லன்னா எனக்குத் தெரியாதா?"

நான் கை நீட்டி அந்தப் பிடியை அழுத்தினேன், பாரில் போய் முட்டியது.

"அந்தாளு வந்து சொன்னதுல இருந்து அங்கருந்து இங்க வரைக்கும் எங்கம்மா செத்துக்கிட்டே இருந்தாங்க. தெரியுமா உங்களுக்கு?"

அவன் முன்னால் தள்ளிக்கொண்டு போனான். நான் பின்னால். அடிவாரத்துக்குக் கிட்டே வந்ததும் டவர் கிடைத்தது. உடனே போன் போட்டான். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த அம்மா குரல் கேட்டது.

"எங்கடா இருக்க? வெஞ்சனம் என்ன வைக்கட்டும்? கத்திரிக்காதான் கெடக்கு."

"எதாச்சும் வைம்மா" என்றான். "என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று அந்தப் பக்கம். "ஒண்ணுமில்லம்மா, ஏத்தம்."

மலையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் அவன் ஏறிவிட்டான். சைக்கிளை என் பக்கம் சாய்த்துவிட்டுப் போனான். எடுத்துட்டு வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரெண்டு சைக்கிளையும் ரெண்டு கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கு நடந்தேன். நேராக வராது. ஒன்று இந்தப் பக்கம் திரும்பும், இன்னொன்று அந்தப் பக்கம். வழியில் ஒருத்தர் மோட்டார் பைக்கை நிறுத்தி, "ஒண்ண விக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க இரும்புக் கடைகளில் தேடி, பழைய குட்டைக் கை பிரேக் ஒரு ஜோடி எடுத்து வந்து அவன் சைக்கிளில் மாட்டினேன். கட்டை புதுசு. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி போகிற சரிவு ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. இனி சொல்ல ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு நின்றது.

ஒரு சாயங்காலம் வந்தான். படியில் நின்றபடியே பிடியை அழுத்திப் பார்த்தான். "நல்லா இருக்கு" என்றான்.

"டீ சாப்பிடுறியா?"

"வேணாண்ணே. கடைக்குப் போகணும்." சைக்கிளைத் திருப்பினவன் நின்றான். "கோவமெல்லாம் இல்லண்ணே. ஆனா இனிமே நான் எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

"சரிப்பா" என்றேன். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் இருந்தான். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தெருமுனையில் ஒரு கையால் அவனே பூட்டிக்கொண்டு திரும்பினான்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகிறேன். தனியாகத்தான். போன வாரம் முந்தின ராத்திரி பெய்த தூறலில் மண் ஈரமாக இருந்தது. அதில் ஒரு டயர் தடம் விழுந்திருந்தது. அம்பு மாதிரி பூப்போட்ட டயர். நானே தேடி எடுத்து அவனுக்கு மாட்டினது. அம்பு போகிற பக்கத்தைக் காட்டியது. திரும்பி வந்த தடம் இல்லை. வேறு வழியாகத் திரும்பியிருக்கலாம். இன்னும் திரும்பாமல் இருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். பையில் வைத்தேன்.

தடத்தின் பக்கத்திலேயே, அதை மிதிக்காமல், கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போனேன். வேகமாகத்தான் போயிருக்கிறான். வளைவுகளில் மண் சிதறியிருந்தது. ஒரு பள்ளத்துக்கு முன்னால் தடம் அகலமாக இழுபட்டு, நின்று, அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பிரேக் பிடித்திருக்கிறான். பிரேக்கும் பிடித்திருக்கிறது.

அதற்கு அப்பால் கரை முடிந்து கல்லுத் தரை. கல்லில் தடம் விழாது. அந்த இடத்தில் காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் சைக்கிளைத் திருப்பினேன்.